சிறிய டிராக்டருக்குக் குழி தோண்டும் கருவி: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

வேலிக்கம்பம் நடவும் கன்று வைக்கவும் கடப்பாரையோடு மல்லுக்கட்டிய யாரும், டிராக்டரின் பின்னால் மாட்டும் குழி தோண்டும் கருவியைத் தேடத் தொடங்கியதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என் வண்டியின் எச்.பி.க்கு இது தாங்குமா?" 15 முதல் 30 எச்.பி. வரையிலான வண்டிகளில், மண்ணைத் துளைக்கும் திருகுச் சுருளான ஆகரின் அளவு நியாயமாக இருந்தால், இன்ஜின் பெரும்பாலும் தாங்கிவிடும். சிக்கல் வருவது வேறு இடங்களில். ஹைட்ராலிக் போதிய உயரம் தூக்காது. தூக்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும். இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டான பி.டி.ஓ.வோடு கருவியை இணைக்கும் ஷாஃப்டின் நீளம் ஒத்துவராது. இந்த மூன்றையும் ஒரு டேப்பும் அரை மணி நேரமும் இருந்தால் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். கடைக்குப் போய்க் கருவியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

1. குழியின் அளவை முடிவு செய்யுங்கள்

எதற்காகக் குழி, எத்தனை அகலம், எத்தனை ஆழம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கம்பத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 7 அடிக் கம்பத்துக்கு இரண்டே கால் அடியை ஒட்டி ஆழம் வரும், அதாவது சுமார் 70 செ.மீ. கான்கிரீட் போடுவதாக இருந்தால் குழியின் அகலம் கம்பத்தைப் போல் மூன்று மடங்கு இருப்பது நல்லது. மண்ணைக் கெட்டித்து நடுவதாக இருந்தால், சுற்றிலும் கெட்டிக்கும் கட்டை உள்ளே இறங்குகிற அளவு இடைவெளி போதும்.

10 செ.மீ. கம்பத்துக்கு 9 அங்குல ஆகரோ 12 அங்குல ஆகரோ போதுமென்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். வேலி வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

மரக்கன்றுக் குழி வேறு கதை. அதற்கு அகலம் வேண்டும் என்று 18, 24 அங்குல ஆகரை நோக்கி மனம் ஓடும். சிறிய வண்டி வைத்திருப்பவர்கள் 12 அங்குலத்தில் ஒரு குழி எடுத்துவிட்டு, ஓரங்களைக் கடப்பாரையால் சரித்து அகலப்படுத்துவதே மேல் என்பேன். ஓரத்தைச் சரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஈரக் களிமண்ணில் ஆகர் சுற்றும்போது குழியின் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு வேர் வெளியே போகத் திணறும், தண்ணீரும் சுவறாது. ஆகரால் எடுத்த எந்தக் கன்றுக் குழியிலும் சுவரைக் கீறிக் கரடுமுரடாக்குவது கட்டாயம். ஒட்டி ஒட்டி இரண்டு மூன்று துளை போட்டு அகலப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது துளையைத் தொடங்கும்போதே ஆகர் வழுக்கி முதல் துளைக்குள் விழுந்துவிடும்.

2. மண்ணைப் பாருங்கள்

மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் போக வேண்டிய ஆழம் வரை ஓரிடத்தில் கையால் தோண்டிப் பாருங்கள். இரண்டடிக்குக் கீழே சரளை தொடங்கினால் ஆகரின் பல்லும் நுனியும் வேறு வகையாக இருக்க வேண்டும். தொடர்ச்சியான பாறைத் தட்டு இருந்தால் எந்த பி.டி.ஓ. கருவியும் உதவாது. காய்ந்த மணலில் ஆகர் எளிதாக இறங்கும், மேலே எடுத்ததும் குழி சரியும். முந்தைய நாள் தண்ணீர் விட்டுவைத்தால் சுவர் நிற்கும். காய்ந்து இறுகிய களிமண்ணுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் அளவாக. அதிகம் நனைந்தால் மண் ஆகரில் அப்பிக்கொண்டு உதறினாலும் விழாது.

3. டிராக்டரை அளந்து கொள்ளுங்கள்

இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தவர்கள்தான் பிற்பாடு கருவியை விற்க ஆள் தேடுகிறார்கள்.

முதலில் த்ரீ பாயின்ட் லிங்கேஜ் (டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் கீழ் லிங்க் இரண்டும் டாப் லிங்க் ஒன்றும்) எந்த வகை என்று பாருங்கள். சின்ன வண்டிகளில் கேட்டகிரி 0 அல்லது கேட்டகிரி 1 இருக்கும். கேட்டகிரி 1-இல் கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகிரி 0-இல் பின்கள் 16 மி.மீ. மட்டுமே. சந்தையில் கிடைக்கும் குழி தோண்டும் கருவிகள் பெரும்பாலும் கேட்டகிரி 1-க்குச் செய்தவை. புஷ் (பின்னின் மேல் செருகும் வளையம்) போட்டுத் தடிமனைச் சரிக்கட்டலாம். ஆனால் கீழ் லிங்க் இரண்டுக்கும் நடுவே உள்ள அகலத்தைப் புஷ் சரிசெய்யாது. கருவியைச் சட்டென்று மாட்ட உதவும் சட்டமான குயிக் ஹிட்ச் மாட்டியிருந்தால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். இந்தக் கருவியின் பூம் (ஆகரைச் சுமக்கும் நீண்ட கை) நேரடியாக டிராக்டரின் டாப் லிங்க் பிராக்கெட்டில் மாட்டுவது. குயிக் ஹிட்ச் அதற்கு இடம் கொடுக்காது.

அடுத்து லிஃப்டின் ஓட்டம். கீழ் லிங்கின் முனையை அடிமட்டம் வரை இறக்கித் தரையிலிருந்து உயரத்தை அளங்கள். பிறகு முழுக்கத் தூக்கி அளங்கள். 20 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ. வரை போகிறது என்று வைத்துக்கொண்டால் ஓட்டம் 60 செ.மீ. அதற்காக 60 செ.மீ. குழிதான் வரும் என்று பொருளில்லை. பூமின் முன்முனை டாப் லிங்க் பிராக்கெட்டில் நிற்கிறது, நடுவில் எங்கோ கீழ் லிங்க் தாங்குகிறது, பின்முனையில் ஆகரைச் சுற்றும் கியர் பாக்ஸ் தொங்குகிறது. முன்முனையிலிருந்து தாங்கும் இடம் 100 செ.மீ., கியர் பாக்ஸ் தொங்கும் இடம் 170 செ.மீ. என்றால் ஆகரின் ஓட்டம் 1.7 மடங்கு, அதாவது சுமார் 100 செ.மீ. அதில் 70 செ.மீ. குழிக்குப் போனால், வயலில் ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது ஆகர் நுனி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். வரப்பு தாண்ட இது தேவை.

ஓட்டம் 1.7 மடங்கு கூடுவதுபோல் சுமையும் 1.7 மடங்கு கூடும். பின்முனையில் கியர் பாக்ஸும் ஆகரும் மண்ணுமாக 150 கிலோ தொங்கினால், கீழ் லிங்கின் முனைக்கு அது 255 கிலோவாகத் தெரியும். டிராக்டர் கையேட்டில் எழுதியிருக்கும் தூக்கும் திறனைப் படிக்கும்போது, அது லிங்க் முனையில் அளந்ததா, 61 செ.மீ. (24 அங்குலம்) பின்னால் தள்ளி அளந்ததா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு எண்கள். விளம்பரத்தில் பெரிய எண்தான் வரும்.

பூமில் இரண்டு மூன்று துளைகள் வரிசையாக இருக்கும் கருவியையே வாங்குங்கள். தாங்கும் இடத்தை முன்னே நகர்த்தினால் ஓட்டம் கூடும், சுமையும் கூடும். பின்னே நகர்த்தினால் இரண்டும் குறையும். ஒரே துளை வைத்த பூம் உங்கள் வண்டிக்குப் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்.

துளைகளால் இன்னொரு பயனும் உண்டு. பூம் ஒரு வில்போல் வளைந்து இறங்குவதால் கியர் பாக்ஸ் நேர்க்கோட்டில் கீழே வராது. 170 செ.மீ. பூம் கிடைமட்டத்துக்கு மேலே 50 செ.மீ., கீழே 50 செ.மீ. என்று சமமாக இயங்கினால், முன்பின்னாக நகர்வது 7 முதல் 8 செ.மீ.தான். அதே பூம் கிடைமட்டத்தில் தொடங்கி 100 செ.மீ. கீழே இறங்கினால் நகர்வு 30 செ.மீ.யைத் தாண்டிவிடும். குழி சாய்வதற்கும் ஆகர் சுவரில் உரசித் திணறுவதற்கும் இதுதான் காரணம். மண்ணைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக முன்பக்க எடை. கருவியை மாட்டிய நிலையிலும் வண்டி எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் பிடி கொடுக்காது. முன்பக்கம் எடைக்கட்டி மாட்ட இடம் இருக்கிறதா, எத்தனை மாட்டலாம் என்று இப்போதே பார்த்துவையுங்கள். முன்னால் லோடர் (மண் அள்ளும் தொட்டி) இருந்தால் அதுவே எடையாக நிற்கும்.

4. பி.டி.ஓ.வும் ஆகர் அளவும்

பின்பக்க பி.டி.ஓ. 540 ஆர்.பி.எம்., 35 மி.மீ. (1⅜ அங்குலம்), ஆறு பல் ஷாஃப்ட் என்பதே பொது அளவு. இன்ஜின் எச்.பி.யையும் பி.டி.ஓ. எச்.பி.யையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டாவது எப்போதும் குறைவு, கணக்கில் கொள்ள வேண்டியதும் அதுதான். சில சின்ன வண்டிகளில் நடுவில் 2000 ஆர்.பி.எம். பி.டி.ஓ. இருக்கும், அதற்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை.

கருவியின் கியர் பாக்ஸ் வேகத்தை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது. 540 சுற்று உள்ளே போனால் 180 சுற்று வெளியே வரும், முறுக்குவிசை மும்மடங்காகும். பி.டி.ஓ.வில் 20 எச்.பி. கிடைக்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். இழப்புகளை விட்டுவிட்டால் ஆகர் தண்டில் சுமார் 790 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும். 12 அங்குல ஆகரின் வெளி ஓரத்தில் அது ஏறத்தாழ 540 கிலோ விசை. 18 அங்குல ஆகரில் 360. 24 அங்குலத்தில் 270. ஆகர் பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் வெட்டும் விசை குறைகிறது. வெட்டியெடுக்க வேண்டிய மண்ணோ 18 அங்குலத்துக்கு 2.25 மடங்கு, 24 அங்குலத்துக்கு 4 மடங்கு. விசை பாதியாகும்போது வேலை நான்கு மடங்காகிறது என்றால் 24 அங்குல ஆகரை எங்கே வைக்க வேண்டும் என்பது தெளிவு.

பி.டி.ஓ.வில் 20 எச்.பி.க்குக் குறைவான வண்டிக்கு 9 அங்குலம் முதன்மை, இளகிய மண்ணில் 12. இருபதுகளில் இருந்தால் 12 அங்குலம் தாராளமாக ஓடும், நல்ல மண்ணில் 18-ஐத் தொட்டுப் பார்க்கலாம். "உங்கள் வண்டிக்கு எல்லா ஆகரும் பொருந்தும்" என்று விற்பவர் சொன்னால், அவர் தண்டின் அளவைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பி.டி.ஓ.வா, ஹைட்ராலிக் மோட்டாரா?

பி.டி.ஓ. கருவிக்கு இரண்டு குறைகள். கீழ்நோக்கி அழுத்தும் விசை அதற்குக் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளின் லிஃப்ட் தூக்குமே தவிர அமுக்காது. தன் எடையால்தான் ஆகர் இறங்குகிறது. இரண்டாவது, எதிர்ப்பக்கம் சுற்றாது. மரத்தில் ஏற்றிய திருகாணிபோல் ஆகர் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வராது. சில வண்டிகளில் ரிவர்ஸ் பி.டி.ஓ. உண்டு, இருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் ஆகர் இரண்டு பக்கமும் சுற்றும், சுமை கூடினால் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்து நின்றுவிடும். லோடரில் மாட்டினால் குழி கண்ணெதிரே தெரியும், அழுத்தமும் கொடுக்கலாம். ஆனால் அதற்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வேண்டும் என்று பார்த்து, உங்கள் பம்பு தரும் அளவோடு ஒப்பிடுங்கள். சின்ன டிராக்டர் பம்புகள் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. எண்ணெய் போதாவிட்டால் ஆகர் சோம்பலாகச் சுற்றும்.

ஆண்டுக்குப் பத்து இருபது குழிதான் என்றால் இரண்டுமே வேண்டாம். வாடகைக்கு எடுங்கள், அல்லது கையில் பிடிக்கும் சின்ன இன்ஜின் ஆகர் போதும்.

6. கருவியை நேரில் பார்க்கும்போது

கியர் பாக்ஸிலிருந்து தொடங்குங்கள். அதன் மேல் எழுதிய எச்.பி. அளவு உங்கள் பி.டி.ஓ. எச்.பி.யைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெளித்தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பேரிங் ஆடக் கூடாது. சீல் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, எண்ணெய் அளவு பார்க்கும் திருகு எளிதில் திறக்கிறதா என்பதையும் கவனியுங்கள். புதுக் கருவி எண்ணெய் ஊற்றாமலே வருவதுண்டு. கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை ஊற்றாமல் ஒரு சுற்றுக்கூட ஓட்டாதீர்கள்.

எடை குறைந்த கருவி நல்லது என்று சின்ன வண்டிக்காரர்கள் நினைப்பது இயல்பு. இங்கே எடைதான் அழுத்தம் என்பதால், மிக லேசான கருவி இறுகிய மண்ணில் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் லிஃப்டும் முன்பக்க எடைக்கட்டியும் சுமக்கிற வரை கனமான கியர் பாக்ஸையே எடுங்கள்.

வெளித்தண்டு உருண்டையா, அறுகோணமா, என்ன விட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2 அங்குல உருண்டை, 2 அங்குல அறுகோணம், 2⁹⁄₁₆ அங்குல உருண்டை எல்லாம் சந்தையில் உண்டு. நாளை இன்னோர் ஆகர் வாங்கும்போது இது ஒத்துப்போக வேண்டும்.

ஆகரில் கீழ்ச் சுருளின் தகடு மற்றதைவிடத் தடிமனாக இருக்கிறதா பாருங்கள், தேய்வது அங்கேதான். பல் போல்ட்டால் மாட்டியதாக இருக்க வேண்டும். வெல்டிங் வைத்த பல் தேய்ந்தால் வேலை பாதியில் நிற்கும். சாதாரண மண்ணுக்கு எஃகுப் பல் போதும். சரளைக்கு கார்பைடு முனை வைத்த பல். கீழே இரட்டைச் சுருள் வைத்த ஆகர் சமநிலையாக இறங்கும். ஒற்றைச் சுருளில் இடைவெளி அதிகம் என்பதால் கல்லும் வேரும் சிக்காமல் மேலேறும். நுனி திருகு வடிவில் இருந்தால் தன்னையே உள்ளே இழுத்துக்கொள்ளும், இறுகிய மண்ணில் இது வசதி. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதில்தான் அதிகம். மீன்வால் வடிவ நுனி நிதானமாக இறங்கும்; முதல்முறை ஓட்டுபவருக்கு அதையே சொல்வேன்.

7. ஷியர் போல்ட்: இதில் சமரசம் வேண்டாம்

வேரிலோ கல்லிலோ ஆகர் சட்டென்று நின்றால் டிராக்டரின் பி.டி.ஓ. கியரைக் காப்பாற்றுவது ஒரு சிறிய போல்ட். அது அறுந்துபோவதற்காகவே வைத்தது. இந்த ஷியர் போல்ட்டோ, சுமை மிஞ்சினால் வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச்சோ இல்லாத கருவியைத் தொடவே வேண்டாம்.

அடிக்கடி அறுகிறதே என்று தலையில் 8.8, 10.9 எனப் பொறித்த வலுவான போல்ட்டை மாட்டுபவர்கள் உண்டு. கையேடு வேறு தரம் சொல்லியிருந்தால், அடுத்த முறை அறுவது போல்ட்டாக இருக்காது. நீளமும் முக்கியம். கையில் கிடைத்த நீளமான போல்ட்டைப் போட்டு முனையை நீட்டிக்கொண்டிருக்க விட்டால், சுற்றும்போது அது துணியைக் கவ்வும் கொக்கியாகிவிடும். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஸ்லிப் கிளட்ச் உள்ளதாக இருந்தால், பல மாதம் சும்மா கிடந்தபின் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி ஒருமுறை வழுக்கவிட்டு, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகே வேலைக்கு எடுங்கள்.

ஷாஃப்ட் முழுதையும் மூடும் பிளாஸ்டிக் உறையும் கியர் பாக்ஸ் வாயில் தகட்டு மூடியும் கருவியோடு வர வேண்டும்.

8. ஷாஃப்டை வெட்டிப் பொருத்துதல்

கருவியோடு வரும் ஷாஃப்ட் சின்ன வண்டிக்கு நீளமாகவே இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கருவியை மாட்டி, ஷாஃப்டின் இரு பாதிகளையும் பிரித்து அதனதன் இடத்தில் செருகி, அருகருகே பிடித்துப் பாருங்கள். லிஃப்டை மேலே, நடுவே, கீழே என மூன்று நிலையிலும் வைத்துப் பார்ப்பது அவசியம். மிகக் குறுகும் நிலையில் உள்குழாயின் முனை முட்டாமல் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். மிக நீளும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு குழாயையும் உறைகளையும் சம அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். முட்டும் ஷாஃப்ட் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும் என்பதால், அளவில் சந்தேகம் இருந்தால் வெட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. முழுக்கத் தூக்கிய நிலையில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் முனைகளில் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் எங்காவது பிடித்தால் லிஃப்ட் அந்த உயரத்துக்குப் போகாதபடி நிறுத்தம் வைக்க வேண்டும்.

9. முதல் குழி

பூமிக்கு அடியில் மின்கம்பியோ குழாயோ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கை பிரேக், கியர் நியூட்ரல், சுற்றிலும் ஆளில்லை. தொளதொள சட்டை, தோளில் துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

ஆகர் நுனியைக் குறியில் ஊன்றிய பிறகு குறைந்த ஆர்.பி.எம்.மில் பி.டி.ஓ.வைப் போடுங்கள். 540 வரை ஏற்ற அவசியமில்லை. மெதுவாகச் சுற்றினால் மண் சிதறாது, கல்லில் பட்டாலும் அதிர்ச்சி குறைவு. 20, 30 செ.மீ. இறங்கியதும் மேலே தூக்கி மண்ணை உதறுங்கள். ஒரே மூச்சில் 90 செ.மீ. போய்விட்டால் 12 அங்குல ஆகரில் சுமார் 64 லிட்டர் மண் ஏறியிருக்கும், ஈரமாக இருந்தால் நூறு கிலோவைத் தாண்டும். கருவியின் எடை, சுவரின் உராய்வு, பூமின் 1.7 மடங்கு எல்லாம் சேர்ந்தால் லிஃப்ட் அசையாது.

இறங்க மறுக்கிறதே என்று ஒருவரைப் பூமின் மேல் உட்காரவைப்பதோ, பக்கத்தில் நின்று கையால் அமுக்கச் சொல்வதோ கூடவே கூடாது. இந்தக் கருவியில் நடக்கும் கோரமான விபத்துகள் அப்படி நிற்பவருக்குத்தான் நேர்கின்றன. மண்ணை நனைத்துவிட்டு மறுநாள் வாருங்கள், அல்லது பல்லை மாற்றுங்கள்.

ஆகர் மாட்டிக்கொண்டால் பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிறகு இறங்குங்கள். பெரிய பைப் ரெஞ்சால் ஆகர் தண்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தளர்த்தி, ரெஞ்சை எடுத்துவிட்டு லிஃப்டால் மெதுவாகத் தூக்குங்கள். லிஃப்டை மட்டும் நம்பி இழுத்தால் முன் சக்கரம் எழும்பும்.

10. பழைய கருவி வாங்குவதானால்

பெயின்ட் புதிதாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். ஆகரைக் கழற்றித் தரையில் உருட்டிப் பார்த்தால் தண்டின் வளைவு தெரிந்துவிடும். ஷியர் போல்ட் துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால் அங்கே வலுவான போல்ட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கியர் பாக்ஸைத் திறந்து பற்களைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயை விரலில் தொட்டுத் தேயுங்கள். உலோகத் துகள் மினுங்கினால் பேரம் பேச வேண்டாம், திரும்பிவிடுங்கள். பல், நுனி, பேரிங், சீல் இந்த நான்கும் அந்த மாடலுக்குத் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவையுங்கள். புதிதோ பழையதோ, கருவியோடு ஒரு கைப்பிடி ஷியர் போல்ட்டும் ஒரு செட் பல்லும் சேர்த்தே வாங்கி டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.